ஐந்து பேரோடு தொடங்கிய அமெரிக்கர்



மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது கொஞ்சம் தயங்கினேன். நான் சிவில் இன்ஜினியர். அஸ்திவாரம், கம்பி, கான்கிரீட் என்று கேட்டால் நாலு பக்கம் எழுதிவிடலாம். கதை, கவிதை எல்லாம் நமக்கு வராது. ஆனால் போன சங்கக் கூட்டத்தில் நடந்த வாக்குவாதம் மனசை விட்டுப் போகவே இல்லை. அதனால்தான் நூறு வருஷத்துக்கு முன்னால் சென்னைக்கு வந்த ஒருவரின் வாழ்க்கையை இங்கே சொல்ல நினைத்தேன்.

கூட்டத்துக்கு வராதவர்களுக்காக முதலில் அந்த விஷயம். வரும் கல்வியாண்டில் நம் கல்லூரியில் முதன்முறையாகப் பெண்கள் கூடைப்பந்து அணி தொடங்கப் போகிறார்கள். பந்து, வலை, உடைச் செலவைச் சங்கம் ஏற்கிறது. இது வரைக்கும் எல்லோரும் ஒத்துப்போனோம். முதல் வருஷ மாணவிகளில் யாரைச் சேர்ப்பது என்ற பேச்சு வந்ததும் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. வெளியூர் விளையாட்டு விடுதிகளில் நன்றாகப் பழகிய பத்துப் பேருக்குக் கட்டணச் சலுகை கொடுத்துக் கூட்டி வந்தால் முதல் வருஷமே கோப்பை வாங்கலாம் என்றார்கள் ஒரு பக்கம். தெள்ளார், தேசூர், மருதாடு பக்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிற நம்ம பிள்ளைகளையே சேர்ப்போம், தோற்றாலும் பரவாயில்லை என்றார்கள் இன்னொரு பக்கம். கடைசியில் டீ வந்தது, முடிவு வரவில்லை.

இதே கேள்வியை நம் நாட்டுக்கே பெரிய அளவில் சந்தித்தவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் ஹாரி க்ரோ பக். சென்னை நந்தனத்தில் வருஷா வருஷம் புத்தகக் கண்காட்சி நடக்குமே, ஒய்.எம்.சி.ஏ. மைதானம், அதையொட்டி இருக்கும் உடற்கல்விக் கல்லூரியை உருவாக்கியவர். நம் பழைய பி.டி. சார் படித்ததும் அங்கேதான். மழை வந்து மைதானம் ஈரமாக இருக்கும் நாட்களில் எங்களை வராந்தாவில் உட்காரவைத்து, பக் கதையை அவர் துண்டு துண்டாகச் சொல்லுவார். அப்போது பாதி காதில்தான் வாங்கினேன். பிறகு நானே தேடிப் படித்தேன்.

ஒரு உடற்பயிற்சிக் கூடத்தில் தொடங்கிய கதை

பக் 1884 நவம்பர் 25-ஆம் தேதி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தவர். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய பயிற்சிப் பள்ளியில் உடற்கல்வி படித்தார். அந்தப் பள்ளியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் பக் கதை புரியாது.

கூடைப்பந்து பிறந்தது அங்கேதான். 1891 குளிர்காலத்தில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற இளம் ஆசிரியரிடம் ஒரு முரட்டு வகுப்பை ஒப்படைத்தார்கள். மொத்தம் 18 பேர். வெளியே பனி, உள்ளே டிரில். பையன்களுக்கு வெறுத்துப் போயிருந்தது. நெய்ஸ்மித் கனடாக்காரர், லக்ராஸ் நன்றாக ஆடியவர். முனையில் வலை கட்டிய குச்சியால் பந்தைப் பிடித்து எறியும் ஆட்டம் அது, வட அமெரிக்கப் பூர்வகுடிகளுடையது. அடுத்து 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் மறுபடி இடம் பிடித்திருப்பதால் நம்ம ஊர்ப் பிள்ளைகளும் சீக்கிரம் டி.வி.யில் பார்ப்பார்கள். நெய்ஸ்மித் அந்த லக்ராஸையும் கால்பந்தையும் கூடத்துக்குள்ளேயே ஆடவைத்துப் பார்த்தார். இடம் போதாமல் அடிதடிதான் மிச்சம். ஆகவே பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடாமல், இடிக்காமல், உயரத்தில் கட்டிய பீச் பழக் கூடையில் பந்தைப் போடும் புதிய ஆட்டத்தை 13 விதிகளோடு உருவாக்கினார்.

நமக்கு வேண்டிய பாடம் இனிமேல்தான் வருகிறது. அந்த 18 பேரில் யாருக்கும் கூடைப்பந்து தெரியாது. எப்படித் தெரியும், அப்படி ஒரு ஆட்டமே உலகத்தில் இல்லையே! ஆனால் அவர்கள் எல்லோரும் ஒய்.எம்.சி.ஏ. பணிக்காகப் பயிற்சி பெற வந்தவர்கள். படிப்பு முடிந்து வேறு வேறு ஊர்களுக்குப் போனபோது ஆட்டத்தையும் கொண்டு போனார்கள். சில வருஷத்துக்குள் அமெரிக்கா முழுக்கப் பரவிவிட்டது. 1895-ல் பக்கத்து ஊரான ஹோலியோக்கில், அதே பள்ளியில் படித்த வில்லியம் மோர்கன் கைப்பந்தை உருவாக்கினார். அதுவும் இதே வழியில்தான் உலகம் சுற்றியது.

இந்தச் சூழலில் படித்தவர் பக். ஒரு விளையாட்டு நிலைக்க வேண்டுமென்றால் வீரர்களை விடச் சொல்லிக்கொடுப்பவர்கள்தான் முதலில் வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் ஊறியிருக்க வேண்டும்.

டிரில் மாஸ்டர் காலம்

பக் 1919-ல் சென்னைக்கு வந்தார். அப்போது இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் தேசியப் பொதுச் செயலாளராக இருந்தவர் நம் சேலத்தில் பிறந்த கே.டி. பால். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். பக்குக்கு முன்பே, 1908-ல் டாக்டர் ஹென்றி கிரே என்பவர் கல்கத்தாவுக்கு வந்து அங்கே உடற்பயிற்சிப் பணியைத் தொடங்கியிருந்தார். இருந்தாலும் உடற்கல்வி ஆசிரியர்களைத் தயார் செய்ய முறையான பள்ளி இல்லை.

அந்தக் கால நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முதல் உலகப்போர் அப்போதுதான் முடிந்திருந்தது. 1918-ல் பரவிய விஷக் காய்ச்சலில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் ஜனங்கள் செத்துப்போனார்கள். உடம்பு என்றால் என்ன, அதை எப்படிக் காப்பாற்றுவது என்பது பெரிய கேள்வியாக இருந்த நேரம். பள்ளிக்கூடங்களிலோ உடற்பயிற்சி என்றால் டிரில்தான். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர், மீசையை முறுக்கிக்கொண்டு லெஃப்ட் ரைட் போடச் சொல்லுவார். பிள்ளைகள் வெயிலில் நிற்பார்கள். மற்ற வாத்தியார்கள் அவரைத் தங்களில் ஒருவராகச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். சொல்லப்போனால் அந்த மரியாதைக் குறைவு இன்றைக்கும் முழுசாகப் போய்விட்டதா என்ன? கணக்குப் பாடம் முடியவில்லை என்றால் முதலில் கை வைப்பது பி.டி. பீரியடில்தானே!

அந்த மாகாணம் சின்னதும் இல்லை. மலபாரிலிருந்து கஞ்சம் வரைக்கும் பரவிய சென்னை மாகாணம். ஒரு மனிதர் ஊர் ஊராகப் போய் எத்தனை பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லித்தர முடியும்? ஆயுசு முழுக்கச் சுற்றினாலும் ஒரு மாவட்டம் முடியாது. நூறு பிள்ளைகளைத் தானே பழக்குவதை விட, நூறு நூறு பிள்ளைகளைப் பழக்கக்கூடிய சிலரைத் தயார் செய்வதே வழி என்று பக் கணக்குப் போட்டார்.

முதல் செட்

1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளி தொடங்கியது. இருந்தது ஒரு ஓலைக் கொட்டகை. சேர்ந்தது ஐந்து மாணவர்கள். ஆசியாவிலேயே முதல் உடற்கல்விக் கல்லூரி என்று இன்றைக்குப் பெருமையாகச் சொல்லும் இடத்தின் முதல் நாள் வருகைப் பதிவேடு அவ்வளவுதான்.

எந்தக் கல்லூரிக்கும் முதல் செட் கிடைப்பதுதான் கஷ்டம். இரண்டாவது செட்டுக்குக் காட்ட முதல் செட் இருக்கும். பத்தாவது செட்டுக்குப் பெயரே இருக்கும். முதல் செட்டுக்கு என்ன இருக்கு? விசாரிக்க சீனியர் இல்லை. கட்டடம் இல்லை. படித்து முடித்தால் வேலை உண்டா என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு முன்னுதாரணம் இல்லை. வீட்டில் போய், நான் விளையாட்டுச் சொல்லித்தரப் படிக்கப் போகிறேன் என்று 1920-ல் ஒரு பையன் சொல்லியிருந்தால் அப்பா என்ன சொல்லியிருப்பார்? இப்போது சொன்னாலே வீட்டில் சண்டை வரும்! அந்த ஐந்து பேர் கட்டடத்தையோ பட்டத்தையோ நம்பி வரவில்லை, எதிரே நின்ற ஒரு மனிதரை நம்பி வந்தார்கள். ஆகவே அந்த நம்பிக்கைக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பு முழுக்க பக் தலையில் இருந்தது.

அந்தப் பொறுப்பை அவர் எப்படித் தீர்த்தார் என்பதுதான் மிச்ச வாழ்க்கை. அடுத்த 23 வருஷம் அவர் சென்னையை விடவில்லை. மனைவி மேரி பக்கும் அவரோடு சேர்ந்து உழைத்தார். கொட்டகை பள்ளியாகி, பள்ளி கல்லூரியாகி, 1930-களின் தொடக்கத்தில் சைதாப்பேட்டையில் அடையாற்றை ஒட்டிய பெரிய இடத்துக்கு வந்து சேர்ந்தது. சுமார் 65 ஏக்கர். இப்போது நந்தனம் என்கிறோமே, அதே இடம்தான்.

பாடத்திட்டத்திலும் அவர் ஒரு காரியம் செய்தார். அமெரிக்காவிலிருந்து வந்தவர் அமெரிக்க ஆட்டத்தை மட்டும் திணிக்கவில்லை. கூடைப்பந்து, கைப்பந்து, தடகளத்தோடு தண்டால், பஸ்கி போன்ற நம் நாட்டுப் பயிற்சிகளையும், சடுகுடு போன்ற நம் தெரு ஆட்டங்களையும் பாடமாக வைத்தார். ஊருக்கு ஊர் ஒரு விதியோடு ஆடிக்கொண்டிருந்த ஆட்டங்களுக்கு எழுத்தில் விதி வேண்டுமென்று நினைத்தார். விளையாட்டு விதிகளைத் தொகுத்து அவர் வெளியிட்ட புத்தகம், நம் நாட்டு உடற்கல்வி ஆசிரியர்கள் பல தலைமுறையாகக் கையில் வைத்திருந்த புத்தகம். கோட்டுக்கு எத்தனை அடி, வலைக்கு எத்தனை உயரம் என்று சண்டை வந்தால் அதைப் புரட்டித்தான் தீர்த்துக்கொள்வார்கள். நம் பி.டி. சார் மேஜையில் அட்டை பிய்ந்து, தையல் போட்ட ஒரு பிரதி இருந்தது. வியாயாம் என்ற பெயரில் ஒரு உடற்கல்விப் பத்திரிகையையும் பக் நடத்தினார். சென்னை மாகாண அரசுக்கு உடற்கல்வி ஆலோசகராகவும் இருந்தார்.

பாரிசுக்குப் போன குழு

பக் வாழ்க்கையில் பெரிய மேடை ஒன்றும் உண்டு. 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்கு சர் தொராப்ஜி டாடாவின் முயற்சியால் இந்தியாவிலிருந்து ஒரு சிறு குழு போய் வந்திருந்தது. அடுத்த 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இன்னும் முறையாக ஆள் தேர்ந்தெடுக்க நினைத்தார்கள். மாகாண அளவில் போட்டி வைத்து, அதில் வென்றவர்களை 1924 பிப்ரவரியில் டெல்லியில் கூட்டி அகில இந்தியப் போட்டி நடத்தினார்கள். இந்த வேலைக்கெல்லாம் ஓடியாடியவர்கள் ஒய்.எம்.சி.ஏ.வின் டாக்டர் நோரனும் பக்கும் அவர்களைப் போன்றவர்களும்தான். பாரிசுக்குப் போன இந்தியக் குழுவுக்கு மேலாளராக பக் கூடவே போனார்.

அந்தக் குழுவில் நீளம் தாண்டும் தலிப் சிங் இருந்தார். சென்னை மாகாணத்தின் கண்ணூரைச் சேர்ந்த சி.கே. லட்சுமணன் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் ஓடினார். பதக்கம்? ஒன்றுமில்லை. தடகளத்தில் ஒரு பதக்கம்கூட வாங்காமல்தான் திரும்பினார்கள்.

கோப்பையை வைத்து மட்டும் கணக்குப் பார்த்தால் பக்கின் அந்தப் பயணம் தோல்வி. ஆனால் திரும்பி வந்தவர்கள் என்ன செய்தார்கள் பாருங்கள். மாகாணம் மாகாணமாக ஒலிம்பிக் சங்கங்கள் அமைக்கும் வேலை தொடர்ந்தது. 1927-ல் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவானது. தொராப்ஜி டாடா தலைவர், நோரன் செயலாளர். அடுத்த வருஷம் ஆம்ஸ்டர்டாமில் நம் ஹாக்கி அணி தங்கம் வாங்கியபோது அவர்களை அனுப்பிவைக்க ஒரு ஒலிம்பிக் சங்கம் தயாராக இருந்தது.

பக் 1943 ஜூலை 24-ஆம் தேதி சென்னையில் காலமானார். வயது 58. இந்தியா சுதந்திரம் அடைந்ததை அவர் பார்க்கவில்லை. ஆனால் அதற்குள் அவர் கல்லூரியில் படித்தவர்கள் நாட்டின் பல மூலைகளில் மைதானத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். இன்று தமிழ்நாட்டில் ஒரு அரசுப் பள்ளியில் பி.டி. சார் விசில் ஊதினால், அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர், அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்று பின்னாலேயே போனால், பல இடங்களில் அந்தக் கொட்டகையில் போய் நிற்கும்.

என் பங்குக்கு ஒரு உண்மை

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருக்கலாம். ஆனால் சங்கத்தில் வாக்குப் போடப்போகும் உங்களிடம் ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது.

நம் கல்லூரியின் முதல் ஆண்கள் கூடைப்பந்து அணியில் நானும் ஒருவன். அட்மிஷன் நாளன்று அப்பாவோடு ஃபீஸ் கட்ட வரிசையில் நின்றேன். கோரைப்பாய் தறி வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. பி.டி. சார் வரிசையின் ஓரமாக நின்று, உயரமாகத் தெரியும் பையன்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். என்னைப் பார்த்து மூன்றே கேள்வி கேட்டார். எந்த ஊர், கடைசி பஸ் எத்தனை மணிக்கு, சாயங்காலம் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தால் வீட்டில் தறிக்கு ஆள் இருக்கா. நீ விளையாடுவியா என்று கேட்கவே இல்லை. அது எனக்கு அப்போது விநோதமாக இருந்தது. கடைசி பஸ்ஸைத் தவறவிடுகிற பையன் மூன்றாம் நாளே நின்றுவிடுவான் என்று அவருக்குத் தெரியும். இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

பந்தையே நேரில் பார்க்காத பன்னிரண்டு பேர் சேர்ந்தோம். முதல் போட்டியில் 61-க்கு 8 என்று தோற்றோம். எதிரணி கேலரியில் சிரித்தார்கள். நான் வெறுத்துப்போய், படிப்பு கெடுகிறது என்று சாக்குச் சொல்லி இரண்டாவது வருஷம் அணியை விட்டுவிட்டேன். சார் திட்டவில்லை. பிராக்டீஸ் ஆறு மணிக்குத்தான் முடியும், எப்ப வேணும்னாலும் வா என்று மட்டும் சொன்னார். நான் போகவில்லை.

போனவர்கள் ஏழு பேர். அவர்கள் மூன்றாவது வருஷமும் கோப்பை வாங்கவில்லை. ஆனால் புதிதாக வந்த ஜூனியர்களுக்கு லே-அப் போடச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த ஜூனியர்கள்தான் பிறகு ஜெயித்தார்கள். ஏழு பேரில் ஒருவன் இன்று செய்யாறு பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். அவனிடம் பழகிய பிள்ளைகள் வருஷத்துக்கு இரண்டு மூன்று பேர் நம் கல்லூரியில் சேருகிறார்கள். நான் இருபது மாடிக்கு அஸ்திவாரம் போடத் தெரிந்தவன். ஆனால் நம் கல்லூரி அணிக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் என் பெயர் இல்லை. ஒவ்வொரு சந்திப்பிலும் அந்த ஏழு பேர் கூடிப் பேசும்போது கொஞ்சம் தள்ளித்தான் நிற்கிறேன்.

ஆகவே என் கருத்து

விடுதியில் பழகிய பிள்ளைகளை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டு பேர் வந்தால் நல்லது, மற்றவர்கள் அவர்களைப் பார்த்துக் கற்பார்கள். ஆனால் பத்து இடத்தையும் அவர்களுக்கே கொடுத்தால், மூன்று வருஷத்தில் கோப்பையோடு அவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், நம் மைதானத்தில் மறுபடி புல் முளைக்கும். எட்டு இடமாவது நம்ம சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்கு இருக்கட்டும். நாளைக்கு மருதாட்டுப் பள்ளியிலோ தேசூர்ப் பள்ளியிலோ நின்று பந்து பிடிக்கச் சொல்லித்தரப் போவது அவர்கள்தான்.

அதற்குச் சங்கம் செய்ய வேண்டியதும் உண்டு. பந்தும் வலையும் மட்டும் போதாது. உடை மாற்ற ஒரு அறை, தண்ணீரோடு கழிப்பறை, பிராக்டீஸ் முடிந்ததும் கிராமத்துக்குக் கொண்டுவிட ஒரு வேன். முழுக்கால் உடை போட்டு ஆட விரும்பும் பிள்ளைக்கு அந்த வசதி. அட்மிஷன் நாளில் அம்மா அப்பாவிடம் உட்கார்ந்து பேச, முன்னாள் மாணவிகள் நாலு பேர். பெண்ணைப் பெற்றவர்கள் கோப்பையைப் பற்றிக் கேட்க மாட்டார்கள், எத்தனை மணிக்கு வீடு வருவாள் என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நம்மிடம் நேரான பதில் இருந்தால் ஆள் தானாகச் சேரும். உடை மாற்றும் அறைக்கும் கழிப்பறைக்கும் வரைபடமும் மதிப்பீடும் நான் போட்டுத் தருகிறேன், கட்டட வேலையையும் கூலி வாங்காமல் மேற்பார்வை பார்க்கிறேன். அணியை விட்டு ஓடியவன் இப்போது செய்யக்கூடியது அதுதான்.

இப்போது படிக்கும் தங்கைகளே, முதல் அணியில் சேரச் சொன்னால் பயப்படாதீர்கள். தோற்பீர்கள், ஒருவேளை நிறையவே தோற்பீர்கள். இருந்தும் நின்றுவிடுங்கள். பக் கொட்டகையில் சேர்ந்தது ஐந்தே பேர். நமக்குப் பத்து இடம் இருக்கிறது.

வாழ்க நம் கல்லூரி! அடுத்த சந்திப்பில் மைதானத்தில் பார்ப்போம்.

– முன்னாள் மாணவன், சிவில் பிரிவு, வந்தவாசி